திருப்பிப் போட்ட மூன்று தாள்கள்

மாப்ள,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருடம் ஓட்டியிருப்பாய்.

போன புதன்கிழமை, கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்று காரைக்குடியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஒரு கண்ணை மறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எதிரே வெளிச்சப் பெட்டியில் இங்கிலீஷ் எழுத்துகள், மேலே பெரிசு, கீழே போகப் போகச் சிறிசு. சோதிக்கிற பெண் "படிங்க சார்" என்றாள். தமிழ் அட்டை இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். எனக்குப் பின்னால் வரிசையில் சட்டையை உள்ளே விட்ட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாய் வரவில்லை.

"மேல ஒரு சீப்பும்மா" என்றேன்.

"சார்?"

"மூணு பல்லு சீப்பு. அதுக்குக் கீழ ஒரு வடை. பக்கத்துல, கால நீட்டி உக்காந்திருக்கவன்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று அந்தப் பெண் நினைத்தாள். நான் வேடிக்கை காட்டவில்லை என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரிந்திருக்கும். அந்த ஆள் இப்போது இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்னொன்றும் நடந்தது. அந்த அட்டையில் இருந்த எழுத்துகளுக்கெல்லாம் பாதம் இருந்தது, கால் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு சின்னக் கோடு. நீ அதைச் செரிஃப் என்பாய். நான் முதல் நாளிலிருந்தே பாதம் என்றுதான் சொன்னேன். ஆனால் அவற்றில் தடிப்பும் மெலிவும் இல்லை. எல்லாக் காலும் ஒரே தடிமன். "நிக்கிது, நடக்கல" என்று என்னை அறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அது உன் வார்த்தை. பாதம் இருந்தால் எழுத்து நிற்கும், தடிப்பும் மெலிவும் இருந்தால்தான் நடக்கும் என்பாய். அந்தப் பெண் அதையும் ஏதோ கண் நோய் என்று நினைத்துத் தாளில் எழுதிக்கொண்டாள்.

அப்புறம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் வலையபட்டிதான் ஞாபகத்தில் நின்றது. அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு தடவைதான் பேசினோம். அந்தப் பேச்சும் பாதியில் நின்றுபோனது.

வலையபட்டிப் பெரிய வீட்டு ஆச்சியை நினைத்துப் பார். வீட்டைச் சீர்செய்து, வெளிநாட்டு ஆட்கள் வந்து தங்குகிற மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார். மணல் லாரி பின்னால் வந்தபோது வாசல் வளைவில் இடித்து, மேலே பதித்திருந்த பெயர்க்கல்லின் வலது பாதி விழுந்து நொறுங்கியது. மிச்சப் பாதியில் அந்தக் குடும்பத்தின் விலாசமான இனிஷியல் எழுத்துகளும் பெயரும் நின்றன. போனது கடைசிச் சொல், 'பவன்'. இங்கிலீஷில் ஆறு எழுத்து. அவருடைய வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் வர இருந்தது. பங்காளிகள் எல்லோரும் வந்து வாசலில் நிற்கிறபோது தலைக்கு மேலே உடைந்த கல் இருக்கக்கூடாது. அதற்காகத்தான் ஆச்சி, எழுத்து வரைகிற உன்னையும் அதைக் கல்லில் வெட்டுகிற என்னையும் கூப்பிட்டார்.

"பழசு எது புதுசு எதுன்னு தெரியக்கூடாதுப்பா" என்றார். "மாமனார் பர்மாவுலருந்து வந்து வச்ச கல்லு. அந்த எழுத்து மாதிரியே வேணும்."

நீ பழைய பாதிமேல் மெல்லிசுத் தாளை விரித்து பென்சிலால் தேய்த்து எழுத்துகளை எடுத்தாய். பிறகு கடையில் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்து தேடினாய். அதே சாயலில் எழுத்துகள் நிறைய இருந்தன, அதே எழுத்து இல்லை. "சித்தப்பா மகன் மாதிரி இருக்கு, ஆனா அவன் இல்ல" என்றாய். வெட்டியவன் யாரோ, பாதத்தைத் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தான். கால் நேராக வந்து பட்டென்று பாதத்தில் முட்டவில்லை. பெரிய மரம் தரைக்குப் பக்கத்தில் வரும்போது அகலுமே, அப்படி மெல்ல அகன்று பாதமாகியிருந்தது. உளிக்குப் பிடித்த எழுத்து அது. முனையில் சில்லு தெறிக்காது. தெறித்தாலும் பாதம் அதை மறைத்துவிடும்.

அந்த வீட்டு வேலையைப் பார்த்த மதுரை இன்ஜினியர் வேறு ஒன்றைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரில் அடித்த தாள், பெரிய வெள்ளைத் தாள். பளபளவென்று இருந்தது. பாதங்கள் துடைப்பங்குச்சியைக் குறுக்கே வைத்த மாதிரி. "மிஷின்ல குடுத்தா ஒரு மணி நேரத்துல வெட்டிடும் ஆச்சி, எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?" என்றார். நான் அந்தப் பாதத்தைக் காட்டி, "சார், இத கல்லுல வெட்டுனா அடுத்த மழைக்கு இங்குட்டு ஒண்ணு அங்குட்டு ஒண்ணு உதிர்ந்துரும். பேர அள்ளிட்டுத்தான் போகணும்" என்றேன். ஆச்சி சிரித்தார். இன்ஜினியர் சிரிக்கவில்லை. சிரிக்காத மனிதர்களிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நீ கை கழுவப் போனபோது அவர் ஆச்சியிடம் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். எனக்குக் காது கேட்கும்.

"அவருக்குக் கண்ணு போச்சுன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாங்க ஆச்சி. பாத்துக்கங்க."

ஆச்சி என்னைப் பார்த்தார். "அப்பிடியாப்பா?"

"யாரு, இவனுக்கா? எங்க வீட்டுக் குழம்புல கறி எத்தன துண்டு கிடக்குன்னு தெருவுல நின்னே சொல்லிருவான் ஆச்சி."

அதோடு விட்டேன். ஆனால் அப்புறம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். ஆறு மாதமாக நீ ஸ்கூட்டரை எடுக்கவில்லை. பிளக் சரியில்லை என்றாய். பிளக் மாற்ற ஆறு மாதம் ஆகுமா? டீயை வாங்கும்போது கிளாஸை நேராகப் பிடிக்காமல் முதலில் பக்கத்தில் தொட்டுவிட்டுப் பிடித்தாய். நான் அதையும் கிண்டல் பண்ணியிருக்கிறேன். தொட்டுத் தொட்டுப் பார்க்காதே, அது கிளாஸ், பொண்ணு இல்லை என்று. நீயும் சிரித்தாய்.

வேலை நாள் காலை. முற்றத்தில் கட்டைமேல் புதுக் கல் படுத்திருந்தது, கருங்கல், முகத்தில் வெள்ளை பூசி. அதே அகலத்தில், அதே கனத்தில், அதே கருப்பில் கிடைத்த ஒரே துண்டு. இன்னொன்று வேண்டுமென்றால் குவாரியில் ஒரு மாதம் காத்திருக்கவேண்டும். விசேஷத்துக்கு இருந்ததோ ஒன்பது நாள். பழைய பாதியைத் தூணில் சாய்த்து வைத்திருந்தோம். நீ ஆறு ட்ரேசிங் தாள்களையும் வரிசையாகக் கல்லில் வைத்து, அடியில் கார்பன் சொருகி, டேப் ஒட்டினாய். விரலால் கல்லின் விளிம்பை அளந்து அளந்து ஒட்டினாய். ஆச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இன்ஜினியர் கையைக் கட்டிக்கொண்டு உன் பக்கத்திலேயே நின்றார். அவர் வந்து நின்ற விதமே ஒரு தப்புக்குக் காத்திருக்கிற விதம்.

நான் பேனாவை எடுத்து முதல் எழுத்தின் மேல் அழுத்தி ஓட்டினேன். சரி. இரண்டாவது, இரண்டு தூணுக்குக் குறுக்கே கட்டை போட்ட மாதிரி நிற்குமே, நீ எச் என்பாய், அதுவும் சரி. மூன்றாவதை நீ ஏ என்பாய். என் கணக்கில் அது ஏணி. ஆயிரம் ஏணி வெட்டியிருக்கிறேன். பேனாவை வைத்தேன், கை நின்றுவிட்டது.

நாம் பார்க்கிறபோது ஏணிக்கு இடதுகால் மெலிசு, வலதுகால் தடிப்பு. எந்த ஊர் ஏணியும் அப்படித்தான், தூணில் சாய்ந்திருந்த பழைய பாதியிலும் அப்படித்தான். உன் தாளில் தடித்த கால் இடது பக்கம் இருந்தது.

அடுத்தது, நீ வி என்பது. பழைய கல்லில் வி இல்லை. ஏணியைத் தலைகீழாக்கி, நடுப்படியை எடுத்துவிட்டு நீ உண்டாக்கினாய். தாய் தப்பென்றால் பிள்ளையும் தப்பு. அதற்கடுத்து மறுபடியும் ஏணி, அதுவும் தப்பு. ஆறில் மூன்று.

எனக்கு உடனே விளங்கியது. ஏணியைத் தேய்த்து எடுத்த தாளை மட்டும் நீ பின்பக்கமாக வைத்து வரைந்துவிட்டாய். ட்ரேசிங் தாளுக்கு இரண்டு பக்கமும் ஒரே முகம். மற்ற எழுத்துகள் திரும்பினால் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஏணி திரும்பினால் ஏணிதான். தடிப்பு மெலிவு கண்ணுக்குப் படுகிறவனுக்குத்தான் அது தெரியும். கால் பெருவிரல் கனத்துக்கும் சுண்டுவிரல் கனத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. உன் கண்ணுக்கு அது படவில்லை. இருபது வருடமாக எதிர்க்கடைப் பலகையில் ஒரு பாதம் சப்பையாக இருக்கிறது என்று சண்டைக்குப் போகிறவனுக்கு.

வாயைத் திறந்து சொன்னால் கல் பிழைக்கும், நீ முடிந்தாய். ஆச்சி நல்லவர், ஒன்றும் சொல்லமாட்டார். இன்ஜினியர் சாயங்காலத்துக்குள் காரைக்குடி முழுக்கச் சொல்லிவிடுவார். கண் தெரியாதவனிடம் யார் எழுத்து வரையக் கொடுப்பார்கள்? சொல்லாமல் வெட்டினால் நீ அன்றைக்குத் தப்பிப்பாய், கல்லில் நூறு வருடத்துக்குத் தப்பு நிற்கும்.

"என்ன மச்சான், நின்னுட்ட?" என்றாய்.

"பேனா எழுதல" என்று உதறினேன். எழுதாமல் என்ன, நன்றாக எழுதியது. உதறிய உதறலில் இன்ஜினியர் சட்டையில் இரண்டு சொட்டு. அவர் "யோவ்" என்று குனிந்து சட்டையைப் பார்த்தார். அந்த நேரத்தில் மூன்று தாளின் டேப்பையும் பிய்த்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பி அதே இடத்தில் வைத்து அழுத்தினேன். அவ்வளவுதான் வைத்தியம். திருப்பிப் போட்டால் ஏணி நேராகிவிட்டது.

ஆச்சி பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா தாளத் திருப்புற?"

உன் தலை என் பக்கம் திரும்பியது.

"ஒரே பக்கமாப் படுத்திருந்தா முதுகு வலிக்காதா ஆச்சி? நீங்க புரண்டு படுக்க மாட்டீகளா?"

ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தார். இன்ஜினியர் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரையும்விடச் சத்தமாக நீ சிரித்தாய். அப்பாடா, இவனுக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்டி முடிக்க நான்கு நாள் ஆனது. கல் வாசலில் ஏறியது. எது பழசு எது புதுசு என்று பங்காளிகளுக்குத் தெரியவில்லை என்று ஆச்சி சொல்லி அனுப்பினார். உன் தாள்களைச் சுருட்டி உன் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். அதில்தான் மாட்டினேன்.

தாள்களைக் கொடுத்த நான்காம் நாள் மானகிரியில் என் பட்டறைக்கு நீ பஸ்ஸில் வந்தாய். உட்காரவில்லை. சுருளைப் பிரித்து மூன்று தாளை மட்டும் எடுத்து என் கையில் வைத்தாய்.

"தடவிப் பாரு."

பேனா அழுத்திய தடம் தாளில் வரப்பு மாதிரி இருந்தது.

"மத்த மூணுல முன்பக்கம் அழுத்தியிருக்கே. இந்த மூணுல பின்பக்கம்."

"காத்து அடிச்சுச்சுல்ல மாப்ள, தாளு..."

"மச்சான். வெளையாடாத."

நான் விளையாடவில்லை. விளையாட்டு வரவில்லை.

"எத்தன பேருக்குத் தெரியும்?"

"எனக்கும் கல்லுக்கும்."

நீ மூன்று தாளையும் வாங்கிச் சுருட்டினாய்.

"சர்க்கரை" என்றாய். "இந்தக் கண்ணுல கருப்பா ஒரு துணி தொங்குது. அந்தக் கண்ணுல பாதி. மதுரையில ஊசி போடுறாக. மகளுக்குக்கூடச் சொல்லல." பிறகு குரல் மாறியது. "அன்னைக்கு எங்கிட்ட வந்து காதுல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"அந்த ஆளு பக்கத்துலயே நின்னாரே."

"நிக்கட்டும். நீ ஜோக் அடிச்ச, நான் சிரிச்சேன். எதுக்குச் சிரிக்கிறோம்னு தெரியாமயே சிரிச்சேன். அத நெனச்சா ரெண்டு நாளாச் சோறு எறங்கல."

இதற்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், தப்புத்தான். காப்பாற்றுகிறோம் என்ற சந்தோஷத்தில் உன்னையும் கூட்டத்தோடு சேர்த்துச் சிரிக்க வைத்துவிட்டேன்.

அப்போதுதான் நீ அதைக் கேட்டாய். "சரி, திருப்புனதெல்லாம் இருக்கட்டும். ஆறு எழுத்தும் ஒழுங்கா இருக்கான்னு ஒருக்காப் படிச்சுப் பாத்தேல்ல?"

"படிக்கவா?"

"ஆமா."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதே மாப்ள."

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் வாத்தியார் வந்ததும் நான் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றதும் ஒரே வாரம். உனக்கு அது தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

"வெளையாடாத."

"சத்தியமா."

"இருவது வருசமா வெட்டுறியேடா! கோயில் கல்லு, கல்லறக் கல்லு, டாக்டர் வீட்டுக் கல்லு..."

"நீ வரைஞ்சத வெட்டுனேன்."

"நீ படிச்சுப் பாப்பேன்னு நம்பித்தான்டா நான் ரெண்டாந்தரம் பாக்காமக் குடுத்தேன்!"

"நீ பாத்துருப்பேன்னு நம்பித்தான் நான் வெட்டுனேன்."

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் தரையில் உருண்டிருப்போம். அன்றைக்கு நீ வெட்டாத கல் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாய். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை கல், எத்தனை பெயர் என்று நீ மனதுக்குள் ஒவ்வொரு வாசலாகப் போய் வந்தது எனக்குத் தெரிந்தது. பிறகு எழுந்தாய். போய்விட்டாய். "வாரேன்" என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரு மாதம் ஆளும் இல்லை, போனும் இல்லை. உன் கடை பூட்டிக் கிடந்தது. வேலை கேட்டு வந்தவர்களிடம், வரைகிறவர் வெளியூர் போயிருக்கிறார் என்றேன். ஒருவர் இன்ஜினியர் கொண்டுவந்தாரே, அதே துடைப்பங்குச்சி எழுத்தைத் தாளில் அடித்துக் கொண்டுவந்து, "இதையே வெட்டுங்க" என்றார். உளி அன்றைக்கு ஓடவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். இரண்டு தடவை உன் வீட்டுத் தெரு முனை வரை வந்து திரும்பினேன். என்ன சொல்லி உள்ளே வருவது? தமாஷ் பேசுகிறவனுக்கு வேறு பேச்சுத் தெரியாது மாப்ள. அது ஒரு கஷ்டம்.

மாதம் முடிந்து ஒரு காலையில் வந்தாய். கையில் பெரிய சுருள். வலையபட்டிக் கல்லில் இல்லாத எழுத்துகளையும் வரைந்திருந்தாய். இருபத்தாறும் இருந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றும் முழங்கை உயரம், உன் கண்ணுக்கு அந்த அளவுதான் பட்டதாம். மேஜைமேல் விரித்தாய்.

"பாரு" என்றாய். "தடிப்பு மெலிவு எங்க மாறியிருந்தாலும் சொல்லு. எழுத்துக்கூட்டறத நான் பாத்துக்கிறேன், வெரலால பாத்துக்கிறேன். ஆனா ஒண்ணு. யாரு முன்னால நின்னாலும் எங்கிட்டதான் மொதல்ல சொல்லணும். சிரிச்ச, செருப்பாலயே அடிப்பேன்."

பார்த்தேன். நீ எம் என்கிற எழுத்தில் கொஞ்சம் சந்தேகம். பழைய நானாக இருந்தால் வாயை மூடியிருப்பேன். "ரெட்டை ஏணி திரும்பியிருக்கு" என்றேன். நீ தடவிப் பார்த்தாய். "ஆமா" என்றாய். ரப்பர் எடுத்தாய். அந்த "ஆமா"வைச் சொல்ல உனக்கு எவ்வளவு ஆனது என்று எனக்குத் தெரியும்.

அப்படியே மூன்று வருடம் ஓடியது. நான் உனக்குக் கண், நீ எனக்குப் படிப்பு. வெளியே யாருக்கும் தெரியாது. உன் எழுத்து போகாத இடமில்லை. ஆச்சி வீட்டில் அறைச் சாவிப் பித்தளைத் தகட்டில், சாப்பாட்டு அட்டையில், கல்யாணப் பத்திரிகைகளில். பல் டாக்டர் ஒருவர் பலகைக்குக் கேட்டபோது மட்டும் மாட்டேன் என்றுவிட்டாய். "பாதம் வச்ச எழுத்து நெலச்சு நிக்கிற எடத்துக்குத்தான். பல்லப் புடுங்குற எடத்துக்கு எதுக்கு?" என்றாய். அன்றைக்குத்தான் நீ பழையபடி தமாஷ் பேசினாய். நான் திரும்பி நின்று கல்லைத் துடைத்தேன்.

கடைசியில் உன்னைக் கொண்டுபோனது கண் இல்லை, நெஞ்சு. மதுரைக்குப் போகிற வழியிலேயே. உன் மகள் வந்தபோது தாள்களைக் கொடுத்தேன். அவள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். ஒவ்வொரு எழுத்தாக போனில் அனுப்பி, "மாமா, சரியா இருக்கா?" என்று கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. உனக்குக் கண் சரியில்லாதது அவளுக்கு நீ போன பிறகுதான் தெரியும். "எப்பிடி மாமா வரைஞ்சாரு?" என்று கேட்டாள். விரலால் என்றேன். அது பொய்யில்லை.

உன் வேலை என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது மாப்ள, அது போகமாட்டேன் என்கிறது. இங்கிலீஷ் இன்னும் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து இருக்கிற இடத்தையெல்லாம் கண் தானாகப் போய்ச் சோதிக்கிறது, எந்தக் கால் தடிப்பு, எந்தக் கால் மெலிசு, பாதம் தரையில் படுகிறதா என்று. தப்பைக் கண்டால் முதலில் உன்னிடம் சொல்லவேண்டும் என்று வாய் எடுக்கும். ஆள் இருக்காது. அப்புறம் சும்மா இருந்துவிடுவேன்.

நேற்று முன்தினம் புதுவயலுக்குப் போனேன். ஒரு ரைஸ் மில்லுக்குப் புதுப் பலகை வைத்திருந்தார்கள். பாதம் வைத்த எழுத்து, நல்ல எழுத்து, வரிசையில் ஒன்று மட்டும் திரும்பி நின்றது. வண்டியில் போய்க்கொண்டே அதைப் பார்த்தேன். ரோட்டு ஓரத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள். வண்டி அதில் ஏறி, நடுவில் நின்றது. நானும் நின்றேன். காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து நெல் தள்ளுகிற பலகையை என் கையில் கொடுத்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தள்ளி, மட்டமாக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்துதான் காலைப் பார்த்தேன், செருப்பில் ஒன்று அந்த நெல்லுக்குள்ளேயே கிடக்கிறது.